எண்ணி எடுக்க வேண்டிய குப்பை

சுவா சூ காங் வழியாகச் செல்லும் 975 பேருந்தில் கடைசி வரை போனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் மறைந்துவிடும். இடுகாடு வரும், காய்கறிப் பண்ணைகள் வரும். லிம் சூ காங் சாலை முடியும் இடத்தில் ஒரு சிறு படகுத்துறை, அதற்கப்பால் ஜொகூர் நீரிணை. படகுத்துறையை ஒட்டிக் கரையோரமாக அலையாத்திக் காடு நிற்கிறது. சிங்கப்பூரின் தூய்மையை மெச்சுகிறவர்கள் ஒருமுறையாவது நீர் வற்றும் நேரத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும். தண்ணீர் போத்தல், தெர்மாகோல் பெட்டி, கயிறு, வலை, மீன் பண்ணைகளிலிருந்து வந்த நீலப் பீப்பாய் என்று மரங்களின் காலடி முழுக்கக் குப்பை.

ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பொழுதுபோக்குக் கடற்கரைகளைக் கூலிக்கு ஆள் வைத்துத் தவறாமல் சுத்தம் செய்கிறார்கள். அலையாத்திக்குள் அது நடக்காது. வண்டி இறங்காது. சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் கடல் கொண்டுவருவதையெல்லாம் சல்லடைபோல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தக் குப்பையை எடுக்கக் கையால் பொறுக்கும் தொண்டூழியர்தான் வேண்டும்.

1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் லிண்டா மரனிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தொடங்கியது, இப்படிப்பட்ட தொண்டூழியர்களை ஒன்றுசேர்க்கும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கம். பொறுக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதி வையுங்கள் என்று முதல் நாளே அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சிங்கப்பூர் 1992இல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் என். சிவசோதி இங்கே இதைப் பல்லாண்டுகளாக ஒருங்கிணைத்து வந்தவர். எத்தனை ஸ்ட்ரா, எத்தனை பை, எத்தனை சிகரெட் துண்டு என்று கணக்கெடுப்பதை அவரும் அவருடைய குழுவினரும் விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

அலையாத்தித் துப்புரவில் வெளியே தெரியாத வேலைதான் அதிகம். முதலில் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் நன்றாக வற்றும் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்கூட்டியே ஒருவர் நேரில் போய் எவ்வளவு குப்பை கிடக்கிறது, எத்தனை பேர் தேவை என்று மதிப்பிட வேண்டும். ஆள் கூடிவிட்டால் காட்டுக்கே கேடு, ஏனென்றால் மிதிபடுவது இளங்கன்றுகளும் மூச்சுவேர்களும். சேற்றில் ஆழப் புதைந்ததை இழுக்காமல் விட்டுவிட வேண்டும். மின்னல் வெட்டினால் ஒதுங்க இடம் எது, யாருக்காவது காலில் சிப்பி கிழித்தால் எங்கே கொண்டுபோவது என்பதெல்லாம் குழுத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்த மூட்டைகளை எங்கே குவிப்பது, எந்த லாரி வந்து அள்ளும் என்பதை முன்பே பேசி முடிப்பது. அள்ள ஆளில்லாத மூட்டை அடுத்த ஓதத்தில் கடலுக்கே திரும்பிவிடும்.

தடித்த அடிப்பாகமுள்ள மூடிய காலணி, துவைத்து மறுபடி போடக்கூடிய கையுறை, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இருந்தால் போதும். பதாகையும் புதுச் சட்டையும் பிளாஸ்டிக் போத்தலுமாக வந்து, படம் பிடித்துவிட்டுப் போகும் குழுக்களால் கரைக்குப் பயன் ஏதுமில்லை. அவர்கள் மிச்சம் வைத்துப் போவதையும் யாரோதான் பொறுக்க வேண்டியிருக்கிறது.

குப்பை எடுப்பது உயிர் காக்கிற வேலையும்கூட. கிராஞ்சி சேற்றுப்படுகையில் கைவிடப்பட்ட வலைகளில் சிக்கிக் கிடந்த குதிரைலாட நண்டுகளைச் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத் தொண்டூழியர்கள் வலையை வெட்டி விடுவித்திருக்கிறார்கள், அவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டபடி. கணக்கு இருந்தால்தான் குப்பையை அதன் ஊற்றிலேயே தடுக்கச் சொல்லி அரசிடமும் கடைக்காரரிடமும் வாதாட முடியும். 2023 ஜூலை முதல் பேரங்காடிகளில் பைக்கு ஐந்து காசாவது வாங்குகிறார்களே, அப்படிப்பட்ட நடவடிக்கைகள் பெருகினால் பொறுக்கும் கைகளுக்கு வேலை குறையும்.

உலகம் முழுதும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிறது. அந்த ஒரு மாதம் கரைகளில் கூட்டம், மற்ற மாதங்களில் தேடினாலும் ஆள் கிடைப்பது அரிது. ஓதமோ நாள்தோறும் வருகிறது. சுவா சூ காங்கிலும் தெக் வாயிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கரை பக்கத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியிலோ மே மாதத்திலோ, அனுபவமுள்ள ஒரு குழுவோடு பேசிவிட்டு, பத்துப் பேராகச் சேர்ந்து வாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.