ஆடுதுறை நெல்லும் அஜைல் முறையும்

மென்பொருள் நிறுவனங்களில் இன்று வேதவாக்குப் போல் வழங்கிவரும் 'அஜைல்' என்னும் முறை, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 வல்லுநர்கள் வெளியிட்ட பிரகடனத்தால் அப்பெயர் பெற்றது. ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் மறைவில் வைத்துச் செய்து முடித்துப் பிறகு சந்தைக்குக் கொண்டுவருவதை விட்டு, மாதம் ஒன்றுக்கு மேற்படாத 'ஸ்பிரின்ட்' என்ற சிறு தவணைகளில் செய்து, ஒவ்வொரு தவணையிலும் உபயோகிப்போரின் அபிப்பிராயத்தைக் கேட்டு, அடுத்த வேலையைத் தீர்மானிப்பதே அதன் சாரம். ஆனால் யாருக்காக, எந்த எல்லைக்குள், எதைச் செய்கிறோம் என்ற நிச்சயம் முன்னதாக இல்லாவிட்டால், இந்தச் சுறுசுறுப்பு வெறும் அலைச்சலாகவே முடியும். நிச்சயமும் நெகிழ்ச்சியும் எவ்விதம் இணங்கி நிற்கலாம் என்பதற்கு, காவிரி டெல்டாவில் 1922-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சரித்திரம் உத்தமமான திருஷ்டாந்தமாகும்.

அந்த டெல்டாவுக்கு நீர் தரும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடை வரை பாய்ந்து, குறுவை என்னும் முதற்போக நெல்லை நட்டு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் அறுத்து, அதே வயலில் தாளடி என்னும் இரண்டாம் போகமும் நட்டாகவேண்டுமென்றால், குறுவை நெல்லுக்குக் கிடைக்கும் ஆயுள் ஏறக்குறைய 105 நாள்தான். எத்தனை மூட்டை விளைந்தாலும் இந்தக் கெடுவுக்குள் முற்றாத நெல் குறுவைக்காரனுக்கு உதவாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில் 1950-களில் கட்டாக்கை மையமாகக் கொண்டு, ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் கலந்து செய்த பெருமுயற்சியில் எண்ணற்ற கலப்புகளுள் மிகச் சிலவே தேறின. அவ்வாறு தேறியவற்றுள் ஒன்றாக, 1960-களின் நடுவில் வெளிவந்த ஆடுதுறை 27, குறுகிய ஆயுள் என்ற இந்த ஒரு நிபந்தனையைப் பூர்த்தி செய்ததால் குறுவை வயல்களில் விரைந்து பரவியது. தீவிர விவசாயத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்றாக இருந்தமையால், விதையும் உரமும் கடனும் ஒருங்கே கிடைத்தது அதற்குப் பெரும் அனுகூலமாயிற்று.

அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. நிலையத்துத் திடலில் தேறிய நெல்லைப் பல ஊர்களில் பரீட்சித்து, பிறகு உழவர்களின் சொந்த வயல்களிலேயே விளைவித்துப் பார்த்த பின்னரே புதிய ரகத்தை வெளியிடுவது வழக்கம். 1980-இல் ஆடுதுறை 36-ம், 1987-இல் 37-ம், 1998-இல் 43-ம் இவ்வாறே வந்தன. குண்டு மணியான 37 இட்லி அரிசி என்று பெயர் வாங்கியது. சன்னமான 43 சாப்பாட்டுக்கு விரும்பப்பட்டது. ஒரே வயலின் விளைச்சலை உபயோகிப்போர் ஒரு தரத்தார் அல்லர் என்பதை இவ்விரு ரகங்களும் காட்டுகின்றன.

சம்பாவுக்குப் பெயர்போன நீண்டகால ரகமாகிய சி.ஆர். 1009-இன் கதை இன்னும் நுட்பமானது. மழைக்காலத்தில் வடிகால் அடைத்து இளம்பயிர் நாள்கணக்கில் மூழ்கி அழுகுவது டெல்டாவின் தீராத துயரம். அதற்குப் பரிகாரம் தேடியவர்கள், உழவர் கைக்குப் பழகிய ரகத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் புகுத்தவில்லை. சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைக்கச் செய்யும் 'சப் 1' என்ற மரபணுவை மட்டும், பழைய ரகத்தோடேயே திரும்பத் திரும்பக் கலந்து, அதன் மற்றக் குணங்கள் கெடாதபடி சேர்த்தார்கள். ஒரு சமயத்தில் ஒரு குறையை மட்டும் நீக்கு என்னும் அஜைல் போதனைக்கு இதைவிடச் சிறந்த பிரயோகத்தை நான் அறியேன்.

நெல் ரகம் ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வார ஸ்பிரின்டில் அது விளையாது. ஆயினும் ஒவ்வொரு போகமும் ஒரு தீர்ப்பு. நல்ல விளைச்சல் கண்டும், நனைந்த குறுவை நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-ஐத் தாண்டியதால் கொள்முதல் நிலையத்தில் விலைபோகாமல், சாலையில் பரப்பிக் காயவைக்கும் உழவனின் சிரமமும் அத்தீர்ப்பில் அடக்கம். அதைச் செவிமடுக்காதவன் எத்தனை வேகமாக வேலை செய்தாலும் முன்னேறியவன் ஆகமாட்டான். ஆகவே ஒரு பொருளைத் திட்டமிடும் பொறுப்பை ஏற்பவர்கள், அதில் என்னென்ன வசதிகளைச் சேர்க்கலாம் என்று நீண்ட பட்டியல் எழுதத் தொடங்குமுன், அதை உபயோகிப்பவரின் வாழ்க்கை விதிக்கும் கெடு எது என்பதைக் கண்டறியவேண்டும். அந்த ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொண்டு, ஏனைய அனைத்தையும் அனுபவத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் பணிவு அவர்களுக்கு வேண்டும்.