வாடாவுக்குச் சிமென்ட் ஆகாது

புனேயில் பழைய சிறிய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு

புனேயின் கஸ்பா பேட், சதாசிவ் பேட் பக்கம் போனால், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ‘வாடா’ என்கிற பழைய முற்றத்து வீடு ஒன்று ஒடுங்கி நிற்பதை இன்றும் பார்க்கலாம். உள்ளே ‘சௌக்’ என்கிற முற்றம், சுற்றித் தாழ்வாரம், தெருப் பக்கம் தேக்குக் கதவு. காரைக்குடிக்காரர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1807-ல் கட்டிய விஷ்ராம்பாக் வாடா போன்ற பெரிய மாளிகைகளைப் பார்த்துக்கொள்ள மாநகராட்சி இருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் சிறிய வாடாக்களுக்குத்தான் கேட்பாரில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது. வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாததால் வீட்டுக்காரர் செலவு செய்யவில்லை. சொந்த வீடில்லையே என்று குடித்தனக்காரரும் கைவைக்கவில்லை. 1961 ஜூலை 12-ல் பான்ஷேத் அணை உடைந்தபோது முட்டா ஆற்றங்கரைப் பகுதிகளில் வீடுகள் சரிந்தன. பூலே தம்பதி 1848-ல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடாவே சிதிலமாகி, நினைவிடம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது.

பாரம் தாங்குவது மரம்

வாடாவின் அடித்தளம் கருங்கல். அதன்மேல் நிற்கும் தேக்குத் தூண்களும் உத்தரங்களும்தான் பெரும்பாலும் பாரத்தைத் தாங்குகின்றன. இடையில் இருப்பது செங்கல், மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆகவே சுவர் விரிசல் கண்டு பதறுவதைவிடத் தூணின் அடியைப் பார்ப்பது முக்கியம். ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு சாண் அளவுக்கு மரம் இற்றுப்போய் ஆணி சுலபமாக இறங்கும். அதற்கு மேலே கல்லாக இருக்கும். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, இற்ற பகுதியை மட்டும் அறுத்துப் புதுத் தேக்கை இணைக்கத் தெரிந்த தச்சர் போதும். முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை.

பலர் கெடுப்பது சுவரைத்தான். ஈரம் கண்டதும் சிமென்ட் பூசுகிறார்கள். மண்சாந்துச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே உலர்ந்துவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் மரத்துக்குள் ஏறி, தூணும் உத்தரமும் உள்ளுக்குள்ளேயே மக்குகின்றன. நீர்த்த சுண்ணாம்பு, மணல், செங்கல் பொடி கலந்த சாந்து காய நாளாகும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கழிவறை, சமையலறைக் குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி போட்டால், கசிவு அன்றைக்கே கண்ணில் படும்.

சாமான்கள் குறைவாக

சிறிய வீட்டுக்குப் பெரிய அலமாரி பகை. ‘கோனாடா’ என்கிற சுவர் மாடங்களை அடைத்துவிடாதீர்கள். புத்தகத்துக்கும் விளக்குக்கும் அவையே இடம். புதன், ஞாயிறு கூடும் ஜூனா பஜாரில் பழைய பொருட்களைத் தேடலாம். தாம்பட் ஆளி தெருவில் செம்புப் பாத்திரம், புரூட் ஆளி தெருவில் மூங்கில் வேலை. இடித்த வாடாக்களின் தேக்கு கிடைத்தால், பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கைவைக்குமுன் வீடு மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்று விசாரியுங்கள்; இருந்தால் அனுமதி வேண்டும். கையில் உள்ள பணத்தை முதலில் கூரைக்கும் மழைநீர் வடிகாலுக்கும், அடுத்து மரத்துக்கும், பிறகு சுவருக்கும் மின்கம்பிக்கும் ஒதுக்குங்கள். சோபா கடைசி.

வாங்கும் எண்ணமிருந்தால் பிப்ரவரியில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். அப்போது எந்தக் கூரையும் ஒழுகாது. ஜூலையில், நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள்.