புதுக்கடைக்குப் பாதை பத்தாம் தரத்தில்

உயர் தரப் பெறுபேறு வந்த கையோடு சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு, ஊர் சாகாமமானாலும் கல்முனையானாலும், முதலில் கிடைக்கும் புத்திமதி பொது அறிவைப் பாடமாக்கு என்பதுதான். தலைநகரங்கள், விருதுகள், அமைச்சர்களின் பெயர்கள் என்று ஒரு கொப்பி நிரம்பும். இந்தப் புத்திமதியில் பாதிதான் சரி. பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. ஒன்று மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். மொழி வினாத்தாளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றில் விரும்பிய ஒன்றில் எழுதலாம். தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே என்று நம் பிள்ளைகளில் பலர் அதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்தப் பரீட்சைக்கான ஆயத்தத்தின் நடுப்பகுதியே மொழிதான். அதைச் சில மாத ரியூசன் வகுப்பில் கட்டியெழுப்ப முடியாது. தரம் பத்திலேயே தொடங்கவேண்டிய வேலை அது.

ஏன் மொழி என்பதற்குச் சட்டத்தின் வேலையையே பார்க்கவேண்டும். நம் பக்கத்து வயற்காணிகளை எடுத்துக்கொள்வோம். அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி என்றால், அதை ஆள்வது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பின் யார் என்று பின்னுரித்தாளரை நியமித்திருந்தால் ஒரு விதி, நியமிக்காமல் இறந்துபோனால் வேறு விதி. உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவிக்கு என்ன உரிமை, அவருக்குப் பின் காணி எந்த உறவுக்குப் போகும் என்பதற்கு அட்டவணையில் ஒரு வரிசையே இருக்கிறது. ஒரு பிரிவைப் படித்தால் அதற்கொரு விதிவிலக்கு, விதிவிலக்குக்குள் ஒரு நிபந்தனை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்து ஒரு குடும்பம் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு வரும்போது, அவர்கள் ஒரு மணி நேரம் சொல்லும் கதையிலிருந்து இந்தப் பிரிவுக்குப் பொருத்தமான நான்கு விடயங்களைப் பிரித்தெடுப்பதுதான் அவருடைய தொழில். நீண்ட பந்தியை வாசித்து விளங்குவது, அதை மூன்றிலொன்றாகச் சுருக்குவது, ஒரு நிலைப்பாட்டை எடுத்து ஒழுங்காக எழுதுவது ஆகிய பயிற்சிகளைப் பாடசாலையில் கிரகித்தல், சுருக்கம், கட்டுரை என்ற பெயர்களில் அலுப்போடு கடந்து வந்திருப்போம். அந்த அலுப்புத்தான் பின்னால் கடன்காரனாக வந்து நிற்கிறது.

பொது அறிவுக்குத் தினமும் ஒரு நாளிதழ், கடந்தகால வினாத்தாள்கள், நேரம் வைத்துச் செய்யும் நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவை போதும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மொழி என்றதும் எழும் பெரிய கேள்வி, தமிழா ஆங்கிலமா என்பது. இது வெறும் சொந்த விருப்பமாக இருந்த காலம் 2020 டிசம்பரில் முடிந்துவிடும்போலத் தோன்றியது. சட்டக் கல்லூரியின் கற்கையையும் பரீட்சைகளையும் ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் அப்போது வர்த்தமானியில் வெளிவந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விதிகளை மிகப் பெரும்பான்மையால் தோற்கடித்தது. ஆங்கிலம் மட்டும் என்றவர்களின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தீர்ப்பறிக்கைகள் ஆங்கிலத்தில், மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வாதம் ஆங்கிலத்தில், அந்த மொழி தெரியாமல் எப்படித் தொழில் செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் பிழை. அரசியலமைப்பின் ஏற்பாட்டின்படி வடக்கு கிழக்கில் முதல்நிலை நீதிமன்றங்களின் மொழி தமிழ். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சாட்சி சொல்பவர் தமிழில்தான் சொல்வார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான் நடக்கும். தமிழில் கூர்மையாகக் கேள்வி கேட்கத் தெரியாத சட்டத்தரணி இங்கே என்ன செய்வார்? ஆகவே நுழைவுப் பரீட்சையைத் தமிழில் எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நம் பலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தமிழில் எழுதுகிறேன் என்பதால் ஆங்கிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் வாசலிலேயே தடுக்கி விழுவார். சாதாரண தரத்தில் தாய்மொழியில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி வேண்டும் என்பது விண்ணப்பத் தகைமைகளில் ஒன்று. உயர் தரத்தில் மூன்று பாடங்களும் நன்றாகச் சித்தியடைந்த பிள்ளை, சில வருடங்களுக்கு முந்திய ஒரு சாதாரண சித்தியால் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்கலாம். பத்தாம் தரத்தை நான் வற்புறுத்துவதற்கு இதைவிட உறுதியான காரணம் வேண்டியதில்லை.

இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குச் சரிவரும், ஆங்கில ஆசிரியருக்கே தட்டுப்பாடான பாடசாலையில் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. தட்டுப்பாடு உண்மை. அது முன்கூட்டித் தொடங்கவேண்டும் என்பதற்கான காரணமே தவிர, தொடங்காமல் விடுவதற்கானதல்ல. ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தினம் ஒன்றாக வாசிக்க வகுப்பறை தேவையில்லை. கல்முனையில் படித்து, சட்டக் கல்லூரிக்குப் போய், ஜனாதிபதி சட்டத்தரணியாகிய எம்.எச்.எம். அஷ்ரஃப் தமிழில் கவிதைத் தொகுதியும் வெளியிட்டவர். ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆயினும் இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற பயத்துக்கு அவர் ஒரு பதில்.

செல்வாக்கு இல்லாமல் இடம் கிடைக்காது என்பது இன்னொரு பேச்சு. வேடிக்கை என்னவென்றால் மறுகரையிலும் இதே சந்தேகம் இருந்தது. 2013 ஜனவரியில் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு, நுழைவுப் பரீட்சைப் பெறுபேறுகள் முஸ்லிம் மாணவர்களுக்குச் சாதகமாகத் திரிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டிப் புதுக்கடையில் சட்டக் கல்லூரியின் முன் ஆர்ப்பாட்டம் செய்தது. நீதி அமைச்சராக அப்போது இருந்தவர் ரவூப் ஹக்கீம் என்ற முஸ்லிம் அரசியல்வாதி. ஆனால் பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். நமக்குக் கிடைக்காது என்று இங்கேயும், அவர்களுக்கே கிடைக்கிறது என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தால், உழைக்காமலிருக்க இரு பக்கத்துக்கும் ஒரு சாட்டுக் கிடைக்கும். அரசியல்வாதியின் கடிதத்துக்காக அலையும் நாட்களில் பத்துச் சுருக்கங்கள் எழுதிப் பழகலாம்.

இந்த ஒரு பரீட்சையிலேயே எல்லாவற்றையும் வைக்கவும் தேவையில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டமாணிக் கற்கை இருக்கிறது. அதற்கான வாசல் இசட் புள்ளி. அம்பாறை, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் மாவட்ட வெட்டுப்புள்ளியை அறிந்து விண்ணப்பிப்பது முக்கியம். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு, அதற்குத் தனியாக ஒரு தெரிவுப் பரீட்சை. இவற்றில் சட்டமாணி பெற்றவர் நுழைவுப் பரீட்சை இல்லாமலே சட்டக் கல்லூரிக்குப் போகலாம். எந்த வழியில் போனாலும் கடைசியில் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதத் தொழிற்பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று வந்து சேரவேண்டும்.

விண்ணப்பிக்கும்போது வரும் தொல்லை வேறு விதமானது. பிறப்புச் சான்றிதழில் முகம்மது, அடையாள அட்டையில் முஹம்மத், பரீட்சைச் சான்றிதழின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்றாவது ஒரு பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் விடுபட்டிருக்கும். நம் ஊர்களில் இது சர்வசாதாரணம். இதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளரிடமும் நடக்கும் நடை, விளம்பரத்துக்கும் முடிவுத் திகதிக்கும் இடைப்பட்ட வாரங்களுக்குள் முடிவதில்லை. வர்த்தமானியில் விளம்பரம் வருவதற்கு ஒரு வருடம் முந்தியே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.