தண்ணி டேங்க் மேல் ஒரு வானவில்

புரட்டாசி மாலை. இடியோடு கொட்டித் தீர்த்த மழை கடல் பக்கம் நகர்ந்துவிட்டது; மேற்கே பளிச்சென்று வெயில். தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட மொட்டை மாடிக்கு ஏறியிருந்தோம். "மாமா, தண்ணி டேங்க் மேல வானவில்!" என்று அக்கா மகள் கத்தினாள். நான் நின்ற மூலையிலிருந்து பார்த்தால் அதன் கால் அடுத்த தெருத் தென்னைமரத்தில் ஊன்றியிருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். வில்லும் என்னோடு நகர்ந்து டேங்க் மேல் வந்துவிட்டது.

மேகத்தில் தொங்கும் பொருளாக இருந்தால் அது நகருமா? வானவில் என்பது ஒரு கோணம். சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் விழும் திசைதான் வில்லின் மையம். அங்கிருந்து சுமார் 42 டிகிரி விலகியிருக்கும் துளிகள் சிவப்பை அனுப்பும். 40 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பவை ஊதாவை. ஒரு நேரத்தில் ஒரு துளியிலிருந்து நம் கண்ணுக்கு வருவது ஒரே நிறம். சிவப்பு தந்த துளி நொடியில் கீழிறங்கி மஞ்சள் தரும், பச்சை தரும். துளிகள் விழுந்துகொண்டே இருக்க, வில் மட்டும் அசையாமல் நிற்கும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். உச்சிவேளையில் நம் வானத்தில் அதைக் காணமுடியாதது இதனால்தான்.

அதென்ன 42? ஒளி துளிக்குள் நுழையும்போது வளைகிறது, பின்சுவரில் மோதித் திரும்புகிறது, வெளியேறும்போது இன்னொரு முறை வளைகிறது. துளியின் எந்த இடத்தில் நுழைந்தது என்பதைப் பொறுத்துக் கோணம் மாறும். ஆனால் ஒருமுறை மோதித் திரும்பும் கதிர் எதுவும் 42 டிகிரியைத் தாண்டுவதில்லை; அந்த எல்லையில் கதிர்கள் நெருக்கியடித்துக் குவிகின்றன. அந்த நெரிசல்தான் வில். 1637-இல் டெகார்த் கதிர் கதிராகக் கணக்குப் போட்டு இதைக் காட்டினார். வில்லுக்கு உள்ளே வானம் வெளுத்தும் வெளியே கறுத்தும் இருப்பதற்கும் இதுவே காரணம். இருமுறை மோதும் ஒளி, 51 டிகிரியையொட்டி, நிறங்களைத் தலைகீழாக்கி மங்கலான இரண்டாம் வில்லை வரைகிறது.

டெகார்த்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் தியோடோரிக்கும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே காரியத்தைச் செய்தார்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, ஒளி அதற்குள் போகும் வழியைப் பார்த்தார்கள். மழைத்துளி கைக்கு எட்டாதபோது கையில் பிடிக்கும் அளவுக்குத் துளியையே பெரிதாக்கிக்கொண்ட அந்த யோசனை என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

கதை சொன்னவர்களும் வானத்தைக் கூர்ந்து பார்த்தவர்களே. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இந்திரவில்லுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மேக வானில் சூரியக் கதிர்களே வில்லாகத் தெரிகின்றன என்று எழுதிய அதே கையால் அதற்குச் சகுனமும் எழுதினார். வெயிலோடு மழை பெய்தால் நம் ஊரில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். ஜப்பானில் நரிக்குக் கல்யாணம். வானவில் பிறக்கும் வேளையை இரு ஊர்களும் குறித்து வைத்திருக்கின்றன. அதை விரல் நீட்டிச் சுட்டக் கூடாது, சுட்டினால் விரல் மடங்கிப்போகும் என்பது போன்ற நம்பிக்கைகளை உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களில் கண்டறிந்தார் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட்.

மறுநாள் காலை வெயிலில், ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மாடியில் விசிறினோம். கைக்கெட்டும் தூரத்தில் வில் விழுந்தது. சாரலைக் கீழே இறக்க இறக்க அது முழு வட்டமாக மூடியது. "என் தலை நிழல்தான் நடு சென்டர்ல இருக்கு. உங்களுது எங்க மாமா?" என்றாள்.

"என் வட்டத்துக்கு நடுவுல."