மீண்டும் முளைக்கும் கை – 11: நரம்பையே அறியாத கை

சாலமாண்டரின் கையை வெட்டினால் திரும்ப முளைக்கும். கைக்குப் போகும் நரம்பையும் அறுத்துவிட்டால் முளைக்காது. 1823-இல் டாட் என்ற ஆய்வாளர் கண்டது இது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நரம்பின் வேலையைச் செய்யும் புரதத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். நான்கு நாட்களாக என் மனதில் அதுதான் ஓடுகிறது.

மறுபடி முளைக்க நரம்பு வேண்டும், சரி. கருவில் முதன்முதலாக முளைத்ததே, அப்போதும் வேண்டுமா?

இதற்கு விடை தெரிய நரம்பே போகாத கை வேண்டும். தண்டுவடமாக மாறப்போகும் நரம்புக்குழாயைக் கருவிலேயே எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் குஞ்சு நீந்தாது, இரை பிடிக்காது, பட்டினியில் சாகும். செஸ்டர் இன்டெமா என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு வழி கண்டார். 1959-இல் வெளியான ஆய்வு அது. இரண்டு கருக்களைப் பக்கம்பக்கமாக வைத்து ஒட்டவைத்தார். ஒன்றை அப்படியே விட்டார். மற்றதிலிருந்து நரம்புக்குழாயை எடுத்தார். காயம் ஆறியபோது இரண்டு உடலுக்கும் இரத்த ஓட்டம் ஒன்றாகிவிட்டது. முழுக் குஞ்சு நீந்தியது, தின்றது. மற்றது அந்தச் சாப்பாட்டின் சத்தை இரத்தத்தின் வழியே வாங்கி, அசையாமல் வளர்ந்தது. சில மில்லிமீட்டர் நீள உடல்களில் இதைச் செய்து, வாரக்கணக்கில் உயிரோடு காப்பாற்றியிருக்கிறார்! படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். உடனே மேலே படிக்க முடியவில்லை.

நரம்புக்குழாய் இல்லாத அந்தக் குஞ்சுக்குக் கை வந்தது. தசை மெலிவு, ஆனால் முழங்கை இருந்தது, விரல்கள் இருந்தன. கை உருவாவதற்கு நரம்பு தேவைப்படவில்லை.

அந்தக் கையை வெட்டினால்? நரம்பில்லாமலே திரும்ப முளைத்தது. டாட் கண்டதற்கு நேர் எதிர்.

பின்னாளில் சார்ல்ஸ் தார்ன்டன் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட கைகளை எடுத்துச் சாதாரணக் குஞ்சுகளின் உடலில் பொருத்தினார். புது உடலின் நரம்புகள் உள்ளே நுழைந்தன. சில நாட்கள் கழித்து அந்த நரம்பை அறுத்துக் கையையும் வெட்டினால் முளைக்கவில்லை. நரம்பு வந்து தங்கிய பிறகுதான் கைக்கு அது இல்லாமல் முடியாமல் போகிறது. நரம்புக்கு அடிமையாதல் என்றே ஆய்வாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

ராஸ் ஹாரிசன் என்ற ஆய்வாளரை விட்டுவிட்டால் இந்தக் கதை குறைபட்டுப்போகும். கைக்குள் நரம்பு எப்படி நுழைகிறது என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புக்குழாயில் ஒரு துணுக்கை எடுத்து, ஒரு சொட்டு நிணநீரில் தொங்கவிட்டு, நரம்பு இழை நீள்வதைக் கண்ணால் பார்த்தார். ஆண்டு 1907. 1917-இல் நோபல் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது. போர்க்காலம், அந்த ஆண்டின் மருத்துவப் பரிசு யாருக்குமே தரப்படவில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

புரதத்துக்கு இடமில்லை, அது அடுத்த வாரம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புரதத்தை 2007-இல் வெளிக்கொண்டுவந்த லண்டன் குழுவே 2011-இல் நரம்பில்லாத கைகளையும் சோதித்தது. அவற்றின் தோல் சுரப்பிகளில் அது நிறைய இருந்தது. நரம்பு வந்து சேர்ந்த கைகளில் குறைந்திருந்தது.