கவனம் சிதறும் குழந்தைகள்

மீன்சுருட்டி வட்டாரத்துக் கிராமங்களுக்குச் செல்லும்போது, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று குறைப்படும் பெற்றோரை அடிக்கடி சந்திக்கிறேன். பையன் ஓரிடத்தில் அமர்வதில்லை. எடுத்த வேலையை முடிப்பதில்லை. நோட்டையும் பேனாவையும் நாள்தோறும் தொலைக்கிறான். எவ்வளவு அடித்தும் திருந்தவில்லை என்பார்கள். இத்தகைய குழந்தைகளுள் சிலரிடம் காணப்படுவது முரட்டுத்தனமன்று, மருத்துவர் கவனிக்க வேண்டிய ஒரு குறைபாடு என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிதல் அவசியம்.

இதற்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று பெயர். இது புதியதன்று. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். உலகில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியை நாம் அறிவோம். ஏரி நிறைந்திருந்தாலும் மதகு சரிவர இயங்காவிடில், வேண்டிய வயலுக்கு வேண்டிய அளவில் நீர் பாயாது. அதுபோன்றே இக்குழந்தைகளிடம் அறிவு உண்டு; அதனை ஒரு வேலையில் நிலைநிறுத்தும் மூளைப் பகுதிகளின் முதிர்ச்சியே தாமதப்படுகிறது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. வளர்ப்புக் குறையால் வருவதன்று. ஆதலால் பிரம்பு இதற்கு மருந்தாகாது.

துறுதுறுப்பான பிள்ளைகள் அனைவருக்கும் இக்குறைபாடு உண்டு எனக் கருதலாகாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதங்களேனும் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே காணப்பட்டு, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் மட்டுமே ஐயம் கொள்ள வேண்டும். கண்ணும் காதும் பழுதற்றவையா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஓடியாடாமல், அமைதியாக அமர்ந்தபடியே கவனம் சிதறும் குழந்தைகளும் உண்டு. பெண் குழந்தைகளிடம் இக்குறை பலகாலும் இவ்வாறே கவனிக்கப்படாமல் போகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். பாடத்தைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்துக் கொடுங்கள். செய்து முடித்தவுடன் பாராட்டுங்கள். உணவு, படிப்பு, உறக்கம் ஆகியவற்றிற்கு நேரம் வகுத்திடுங்கள். வகுப்பில் முன்வரிசையில் அமர்த்துமாறு ஆசிரியரைக் கேளுங்கள். மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் குழந்தைகள் நலத் திட்டத்தில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. அத்திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும்போது, ஐயமுள்ள குழந்தையைத் தவறாது காட்டுங்கள். மேற்கொண்டு பரிசோதனை தேவையெனில், மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புவர். சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் குழந்தைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமும் அளிக்கிறது. அக்குழு கூடும்போது, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் யார், அவர்கள் மருத்துவக் குழுவிடம் காட்டப்பட்டனரா என்று கேளுங்கள். படிப்பு ஏறாதவன் என்று முடிவு கட்டி, ஒரு சிறுவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புமுன், ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் செய்வது நம் அனைவரின் கடமையாகும்.