செயற்கைக் காலும் தேயும்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் 12.70 என்று ஓர் எண் இருந்தது. சென்டிமீட்டர் கணக்கு, பழைய 5 அங்குலம். வேலையில் அடிபட்டுத் தொடையோடு கால் எடுக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே மிஞ்சியது இந்த அளவைத் தாண்டாவிட்டால், உழைக்கும் திறனில் 80 சதவீதம் போய்விட்டதாகக் கணக்கு. அதைத் தாண்டி நடுத்தொடைக்குள் நின்றால் 70. முழங்கால் பக்கம் வரை மிஞ்சினால் 60, முழங்காலுக்குக் கீழே போதிய நீளம் நின்றால் 50.

செயற்கைக் கால் செய்பவரும் முதலில் அளப்பது அந்த மிச்சத்தைத்தான். முழங்கால் தப்பியிருக்கிறதா என்பதே அவருடைய முதல் கேள்வி. தப்பியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கோலார் தங்கவயலில் இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்காக இருந்ததில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த பிறகு, வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் பூமிக்குள் இறங்கி வேலை செய்த ஊர் இது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே வந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும். ஆபத்து அதோடு முடியாது. கூரையிலிருந்து விழும் கல்லும் இருட்டில் ஓடும் தள்ளுவண்டியும் இருந்தன. பாறை ஏன் வெடிக்கிறது என்று ஆராய 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தொடங்கப்பட்டது. அடிபட்ட உடம்பைப் பார்க்கக் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆஸ்பத்திரிக்கும் பூட்டு விழுந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, 2021இன் கொரோனா இரண்டாம் அலையில், தன்னார்வலர்கள் தூசியும் புதரும் அகற்றி அந்தக் கட்டடத்தைத் திரும்பவும் படுக்கைகள் போடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரங்களில் ஊர் திரண்டு செய்த வேலை மறக்கக்கூடியதல்ல.

சுரங்கம் போனாலும் கால் இழப்பு நிற்கவில்லை. காரணம் மாறியது. இப்போது சர்க்கரை நோய், இரு சக்கர வண்டி, ரயில். ஆனால் காலை வைத்துக் கொடுத்தபின் அதைப் பராமரிக்கும் பெரிய மையங்கள் பெங்களூரிலும் வேலூரிலும் இருக்கின்றன. ஒரு பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடிக்கு ரயில். செயற்கைக் காலோடு வாழ்வதில் வெளியே இருப்பவர்கள் நினைத்துப் பார்க்காத கஷ்டம் இந்தத் தூரம்தான்.

செயற்கைக் காலின் உயிர் பாதத்தில் இல்லை, முழங்கால் பூட்டிலும் இல்லை, சாக்கெட்டில் இருக்கிறது. மிச்சக் கால் நுழைந்து உட்காரும் குழி அது. மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சைச் சில இடங்களில் செதுக்கி, சில இடங்களில் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துச் செய்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு எடை இறங்க வேண்டிய முக்கியமான இடம், முழங்கால் சில்லுக்கு அடியில் இருக்கும் தசைநார். எலும்பின் நுனியும் விளிம்பும் எடை தாங்காது. அந்த இடங்களில் சாக்கெட் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். ஒரு நெல்லளவு பிசகினால் தோல் உரியும், புண்ணாகும். புண் ஆறும்வரை கால் கதவுக்குப் பின்னால் நிற்கும்.

அச்சு எடுத்த நாளில் இருந்த உடம்பு அப்படியே இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். அறுவைக்குப் பிறகான முதல் ஓராண்டில் மிச்சக் கால் வற்றிச் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தொளதொளக்கும். அதற்குத்தான் மிச்சக் காலின் மேல் போடும் பருத்தி உறைகள். தளர்ந்தால் இன்னோர் உறை சேர்ப்பார்கள், இறுகினால் ஒன்றைக் கழற்றுவார்கள். இப்படி உறையை எண்ணுவது அன்றாட வழக்கமாகிவிடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் உறையும் உதவாது. சாக்கெட்டையே மாற்ற வேண்டும். வளரும் குழந்தைக்கோ ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவைத் திருத்த வேண்டியிருக்கும்.

பாதத்தின் கதை வேறு. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி ஒரு விஷயத்தைக் கவனித்தார். மேல்நாட்டு முறையில் செய்துகொடுத்த கால்களைக் கிராமத்து ஆட்கள் போடாமல் ஒதுக்கினார்கள். அந்தக் காலுக்கு ஷூ வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் ரப்பரில் செய்த, பார்க்கப் பாதம் போலவே இருக்கும் ஜெய்ப்பூர் கால். வெறுங்காலோடு நடக்கலாம், நனையலாம், குந்தலாம். 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை நாடெங்கும், பிறகு உலகெங்கும் இலவசமாகக் கொண்டுபோனது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது.

தங்கவயலின் லைன் வீட்டில் வாழ்பவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஓர் அறை, தரையில் படுக்கை, தரையில் சாப்பாடு, பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடம் என்று வளர்ந்த குடியிருப்புகள் அவை. குந்த முடியாத கால் அந்த வீட்டில் பாதிக் கால்தான்.

தமிழர்களுக்கு ஜெய்ப்பூர் கால் என்றதும் சுதா சந்திரன் நினைவுக்கு வருவார். 1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்து, முழங்காலுக்குக் கீழே அறுவை, 1984இல் திரும்பவும் பரதநாட்டிய மேடை, 1985இல் தானே தன் கதையில் நடித்த ‘மயூரி’ படம். விபத்துக்கும் மேடைக்கும் நடுவே இருந்த வலியும் பயிற்சியும் கைதட்டலில் கேட்பதில்லை.

வலியிலும் ஒரு விசித்திரம் உண்டு. போன காலின் கட்டைவிரல் அரிக்கும். இல்லாத பாதம் முறுக்கிக்கொள்ளும். பலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். நடுவில் ஒரு கண்ணாடி. இருக்கும் கையை அதன் முன் அசைத்தால் இல்லாத கையும் அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு அந்த முறுக்கு விட்டுவிடும். காலுக்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் இந்த வலி கற்பனை இல்லை, மூளையில் நடப்பது என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்பதே பாதி ஆறுதல்.

கால் போகாமலே துணைக்கருவி தேவைப்படுபவர்கள் இன்னொரு கூட்டம். போலியோ பாதித்துக் கேலிப்பர் போட்டு வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதைத் தாண்டிவிட்டது. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டதும் நாடு அவர்களை மறந்துவிட்டது போலத்தான் தோன்றுகிறது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் கனத்த பூட்ஸும் சேர்ந்தது பழைய கேலிப்பர். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 3 கிலோ கேலிப்பரை இழுத்து நடந்த குழந்தைகளைப் பார்த்த அப்துல் கலாம், ஏவுகணைக்கு உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு சுமார் 300 கிராமில் ஒன்றைச் செய்ய வைத்தார். தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். சின்னஞ்சிறு இடுப்பிலிருந்து 3 கிலோவை நாள் முழுக்கத் தூக்கிப்போட்டு நடப்பதை நினைத்தால், அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

வேலூரின் பங்கு இதைவிடப் பழையது. தொழுநோயாளிகளின் விரலையும் பாதத்தையும் அழிப்பது நோய் மட்டுமல்ல, உணர்ச்சி மரத்துப்போனதால் தெரியாமலே படும் காயங்கள்தான் என்று அங்கே நிறுவினார் பால் பிராண்ட். அந்த அறிவிலிருந்து வந்தது மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு. இன்று சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்கும் அதே செருப்புதான் மருந்து. கால் எடுத்தபின் கொடுக்கும் எந்தக் கருவியையும்விட, எடுக்கவிடாமல் தடுக்கும் இந்தச் செருப்பு மலிவு. அதே வேலூரில், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் அவர் முயற்சியில் திறந்த மறுவாழ்வு மையத்தில், நோயாளி தங்கி, படி ஏறவும் தரையில் உட்கார்ந்து எழவும் கற்றுக்கொண்டுதான் வீடு போகிறார்.

பெங்களூர் பக்கம் 2022இல் ஒரு நல்ல செய்தி வந்தது. முழங்காலுக்கு மேலே கால் எடுத்தவர்களுக்காக சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு வடிவமைத்த ‘கடம்’ என்ற முழங்கால் பூட்டு, பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா வழியாக வெளியானது. கதவுக் கீல் போல ஒரே அச்சில் மடங்காமல் பல அச்சுகளில் சுழல்வதால், நிற்கும்போது சட்டென்று மடிந்து ஆளைத் தள்ளாது. 160 பாகை வரை மடங்கும். தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ஏறி பெங்களூருக்குத் தினம் போய்வரும் ஆயிரக்கணக்கானோரோடு நெரிசல் பெட்டியில் ஒடுங்கி உட்கார வேண்டியவருக்கு அந்த மடக்கு சின்ன விஷயமல்ல.

ஆனால் எவ்வளவு நல்ல காலும் சில ஆண்டுகள்தான் உழைக்கும். வார் அறும், திருகு தளரும், ரப்பர் பிளக்கும். 1981 முதல் இருக்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில், 40 சதவீத ஊனச் சான்றிதழும் வருமான வரம்பும் பொருந்தினால் கருவி கிடைக்கிறது. முகாம் நடக்கிறது, அளவெடுக்கிறார்கள், இன்னொரு நாள் வழங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எத்தனை கால் கொடுத்தோம் என்று எண்ணுவது எளிது. ஓராண்டு கழித்து எத்தனை கால் நடக்கிறது என்று எண்ணினால்தான் திட்டத்தின் பலன் தெரியும். மாதம் ஒரு நாள் ஒரு டெக்னீஷியன் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து உட்கார்ந்தால், ஒரு திருகுக்காக ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து பெங்களூர் போக வேண்டியிருக்காது.

இப்போதைக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. போகிறவர் மறக்காமல் எடுத்துப்போக வேண்டியவை: சான்றிதழ், மருந்துச் சீட்டு, உள்ளே போடும் உறைகள், புதிய கால் வாங்கப் போனாலும் பழைய கால். பழையதன் குதிகால் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கமா என்று திருப்பிப் பார்த்தாலே, நடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது செய்பவருக்குப் புரிந்துவிடும்.